கேட்பாரற்ற கல்லறைக்கு ஒரு விளக்கு

கார்த்திகை மாதத்தின் 2ஆம் நாள் பிறந்துவிட்டால் தீவகத்துச் சேமக்காலைகள் ஒரு மாலைப்பொழுதுக்கு ஊராகிவிடுகின்றன. புல் செதுக்கப்படுகிறது, சிலுவைகளுக்கு வெள்ளை பூசப்படுகிறது, குருவானவர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கிறார். இருள் கவியும் வேளையில் மெழுகுதிரிகள் எரியத் தொடங்குகின்றன. சரவணை இருக்கும் வேலணைத் தீவில், ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை போன்ற கத்தோலிக்கர் வாழும் ஊர்களிலெல்லாம் இது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நவம்பர் மாதம் முழுவதையும் இறந்தோர்க்கென ஒதுக்கிவைத்த திருச்சபையின் மரபும், பெற்றாரை மறவாத தமிழ்க் குடியின் இயல்பும் அங்கே ஒன்றாகி நிற்கின்றன.

ஆயினும் அந்த ஒளியினூடே ஓர் இருளும் உண்டு. எரியும் திரிகளுக்கு இடையிடையே, எவரும் அண்டாத கல்லறைகள் சில கிடக்கின்றன. பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிறார்கள். அல்லது பிள்ளைகளே இல்லை. அல்லது போரிலே குடும்பம் முழுவதும் அழிந்துபோயிற்று. கல்லில் இருந்த பெயரைக் கடற்காற்று அரித்துவிட்டது. இவற்றுக்கும் அப்பால், கல்லறையே வாய்க்காத இறந்தோர் இருக்கிறார்கள். இவர்களுக்காக மன்றாடுவோர் யார்? இறந்தோர்க்காகச் செபிக்கும் வழக்கம் நம்மிடத்தில் உயிரோடு இருக்கிறதா, அல்லது வெறும் குடும்பக் கடனாகச் சுருங்கிவிட்டதா என்பதை இந்தக் கேள்விக்கு நாம் அளிக்கும் விடையே காட்டும்.

முதலில் நம்பிக்கையின் பொருளைத் தெளிந்துகொள்வோம். 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று நம் முன்னோர் மொழிபெயர்த்தனர். பாடுபட்டுக் கடன் தீர்த்தலை உத்தரித்தல் என்பர். பட்ட துன்பத்தைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் அச்சொல் இன்றும் வரக் காண்கிறோம். ஸ்தலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நெருப்பும் சுவரும் உள்ள ஓரிடம் பலர் மனக்கண்ணில் தோன்றுகிறது. திருச்சபை அப்படி ஓரிடத்தை வரையறுத்ததில்லை. 1439இல் புளோரன்சுச் சங்கமும் 1563இல் திரெந்துச் சங்கமும் உறுதியாகச் சொன்னவை இரண்டே: இறைவனின் அருளில் இறந்தும் முற்றுந் தூய்மை அடையாதோர் இறப்பின்பின் தூய்மை பெறுகின்றனர், வாழ்வோரின் மன்றாட்டு, சிறப்பாகத் திருப்பலி, அவர்களுக்குத் துணை செய்கிறது. உத்தரிப்பு என்பது இடமன்று, ஒரு நிலை என்பதைப் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1999இல் மீண்டும் எடுத்துரைத்தார்.

இந்த இரண்டாவது கூற்றிலேதான் நம் பொருளின் உயிர் இருக்கிறது. ஒருவனுடைய நிறைவுக்கு இன்னொருவனின் அன்பு உதவக்கூடும். சாவும் அந்த உதவிக்கு அணையாவதில்லை. அவ்வாறாயின் அந்த இன்னொருவன் யார்? மகனா, மனைவியா, உடன்பிறந்தவனா? இரத்த உறவு உள்ளவன் மட்டுந்தானா?

வேதாகமத்தில் இம்மன்றாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நிகழ்ச்சியைப் பார்ப்போம். மக்கபே இரண்டாம் ஆகமத்தின் 12ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. யூதா மக்கபேயின் படைவீரர் சிலர் போரில் மடிகின்றனர். உடல்களை எடுத்து அடக்கப் போனவர்கள், மாண்டவர்களின் உடைக்குள்ளே யாம்னியா நகரத்து விக்கிரகங்களின் தாயத்துகள் இருக்கக் காண்கின்றனர். வேதப் பிரமாணம் விலக்கியவை அவை. 'தக்க தண்டனை பெற்றார்கள்' என்று கூறிப் போய்விட எவருக்கும் இடமிருந்தது. யூதாவோ படையினர் ஒவ்வொருவரிடமும் காணிக்கை திரட்டி, 2,000 வெள்ளித் திராக்மாவை எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுக்காகப் பாவநிவாரணப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறான். இங்கே பணம் தந்தவர்கள் இறந்தோரின் பிள்ளைகள் அல்லர். பக்கத்தில் நின்று போர் செய்த தோழர்கள். மன்றாட்டுப் பெற்றவர்களோ குற்றவாளிகள். உறவும் தகுதியும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. சீர்திருத்தச் சபையார் இவ்வாகமத்தை மூல வேதத்தில் சேர்ப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் கிறிஸ்துவுக்கு முந்திய யூதரிடையே இவ்வெண்ணம் நிலவிற்று என்பதற்கு அது மறுக்கவியலாத சான்றாகும்.

அடுத்து, புனித அகுஸ்தீனாரிடம் வருவோம். அவருடைய தாய் மோனிக்கம்மாள், ஆபிரிக்காவிலுள்ள தம் ஊரிலே கணவனுடைய கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று நெடுநாள் விரும்பியிருந்தவர். 387ஆம் ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், இத்தாலியின் ஒஸ்தியாத் துறைமுகத்திலேயே நோயுற்று இறந்தார். இந்த உடலை எங்கேயாவது அடக்குங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் பிள்ளைகளிடம் கேட்ட கடைசி வரம். கடல் கடந்த நாட்டில் கண்மூடும் நம் தாய்மார்களை எண்ணுவோர்க்கு, பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்திய அவ்வம்மையாரின் சொல் நேற்றுச் சொன்னதுபோல இருக்கும்.

பிற்காலத்தில் நோலா நகர் ஆயர் பவுலீனு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். புனிதரின் கல்லறைக்கு அருகே அடக்கம் பெறுவதால் இறந்தவனுக்குப் பயனுண்டா என்பது கேள்வி. அதற்கு விடையாக அகுஸ்தீனார் ஒரு சிறுநூலே எழுதினார். அடக்கம் வாய்க்காமற் போவதால் நல்லோர்க்கு எக்கேடும் இல்லை. அடக்கத்தின் சிறப்பு இருப்போரின் ஆறுதலுக்கே உரியது. இறந்தோர்க்கு உதவுவது மன்றாட்டே என்று அதில் கூறுகிறார். அதனோடு நில்லாமல் இன்னொன்றும் சொல்கிறார். திருச்சபை பெயர் சொல்லாமலே எல்லா இறந்தோர்க்காகவும் பொதுவாக மன்றாடும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறது. எதற்காக எனின், பெற்றாரோ பிள்ளைகளோ சுற்றமோ நட்போ இல்லாதவர்களுக்கும் பொதுத்தாயாகிய அவளே அக்கடனைச் செய்துமுடிப்பதற்காக. கேட்பாரற்றோரின் உரிமை பிற்காலத்தார் போனாற்போகிறதென்று சேர்த்துக்கொண்ட இரக்கமன்று என்பது இதனாற் புலனாகும். அது தொடக்கந்தொட்டே இவ்வழக்கத்தின் நடுவில் இருந்தது.

பின்வந்த வரலாறும் இதனையே உறுதிசெய்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் ஓதிலோ, தம் மடங்களில் நவம்பர் 2ஆம் நாளை இறந்த விசுவாசிகள் அனைவர்க்குமான நாளாக்கினார். அனைவர்க்கும் என்பதே அந்நாளின் கருத்து. 1915இல், முதல் உலகப்போரின் நடுவில், பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் ஒவ்வொரு குருவும் அந்நாளில் மூன்று பூசை செய்ய இடமளித்தார். அவர் காட்டிய காரணங்கள் எண்ணத்தக்கவை. ஒன்று, போர்க்களத்திலே கணக்கின்றி மடிந்த இளைஞர். மற்றொன்று, இறந்த தம் ஆன்மாவுக்கென்று முன்னோர் எழுதிவைத்த சொத்துகள் பறிபோனதால் நின்றுபோன பூசைகள். அதாவது, செபிக்க ஆளில்லாதவர்களையும், செபத்துக்கென வைத்த பொருள் அழிந்தவர்களையும் அவர் மனத்திற் கொண்டார். அம்மூன்று பூசையில் ஒன்றுக்கே குரு காணிக்கை பெறலாம். இன்னொன்று இறந்த விசுவாசிகள் எல்லார்க்கும் உரியது. அதற்குக் காசு இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.

இனி நம் தீவுக்கு வருவோம். ஒல்லாந்தர் 'லைடன்' என்று பெயரிட்ட இத்தீவு இறந்தோரை நினைக்கும் வழக்கத்துக்காக விலை கொடுத்த மண். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். அவர்களுடைய சீர்திருத்தச் சபை இறந்தோர்க்கான மன்றாட்டை ஏற்காத சபை. 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடையும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், குருவின்றியே மக்கள் தம் விசுவாசத்தைக் காத்தனர். 2015இல் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிசு அவ்வடிகளைப் புனிதரென அறிவித்தபோது, பெயர் எழுதப்படாத அப்பொதுமக்களும் அப்பெருமையிற் பங்குபெற்றனர் என்றே கொள்ளல் வேண்டும்.

சரவணை என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் முருகன் நினைவு வருகிறது. சைவரும் கத்தோலிக்கரும் வேலிக்கு வேலி அயலவராக வாழும் தீவு இது. சைவ அயலவனும் தன் இறந்தோரை மறவாதவன். ஆடி அமாவாசையிலே தந்தைக்காகக் கீரிமலையில் நீராடுகிறான். சித்திரைப் பூரணையிலே தாய்க்காக விரதமிருக்கிறான். 31ஆம் நாளில் அந்தியேட்டி செய்கிறான். இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவரைச் சொல்லவந்த வள்ளுவர் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். இவற்றிற்கும் நம் கோட்பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தர்ப்பணத்தின் முடிவில், தாயும் தந்தையும் சுற்றமும் நட்பும் இல்லாத உயிர்களுக்கும் நீர்விடும் வழக்கம் ஒன்றுண்டு. அகுஸ்தீனார் சொன்ன அதே மனிதர்களை, அதே வரிசையில், அவ்வழக்கமும் எண்ணியிருக்கிறது. இரு வேறு வழியால் வந்த இரு மக்கள் ஒரே இடத்தில் சந்திப்பது வியப்பன்றோ? தன் குடும்பத்து இறந்தோரோடு மன்றாட்டை முடித்துக்கொள்ளும் கத்தோலிக்கன் தன் அயலவனுக்கும் பின்னே நிற்கிறான்.

நம் காலத்தில் இக்கடமை பன்மடங்காகிவிட்டது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் இளைஞர் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. 2006 ஓகஸ்ட் 13ஆம் நாள் அல்லைப்பிட்டியிலே புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன, பலர் மாண்டனர். அப்பங்கின் குரு திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள், அதே மாதம் 20ஆம் நாள், துணைக்கு ஒருவரோடு அல்லைப்பிட்டி சென்றவர், காணாமற்போனார். எத்தனையோ பேருடைய அடக்கத்துக்குச் செபம் சொல்லவேண்டியவருக்கு அடக்கச் செபம் இல்லாமற்போயிற்று. 2025இல் யாழ்ப்பாண நகருக்கு அருகே செம்மணியில் நடந்த அகழ்வில் 200இற்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. மண்ணிலிருந்து வந்தபோது அவற்றுக்குப் பெயரும் இல்லை; மதமும் இல்லை.

இவர்களுக்காகக் கத்தோலிக்கன் மன்றாடலாமா? மன்றாடலாம், மன்றாடவும் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் வந்த பூசைப் புத்தகத்தில், நான்காம் நற்கருணை மன்றாட்டு கிறிஸ்துவில் இறந்தோரோடு நின்றுவிடாமல், தம் விசுவாசம் இறைவன் ஒருவனுக்கே தெரிந்த இறந்தோரையும் நினைவுகூர்கிறது. செம்மணியின் எலும்புகளுக்கு அம்மன்றாட்டில் இடமுண்டு. சரவணையின் சைவ அயலவனுக்கும் இடமுண்டு.

காணாமற்போனோரைப் பற்றிய கேள்வி இதனினும் கடினமானது. மகனுக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் தாயிடம் சென்று, 'அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடு' என்று சொல்வது ஆறுதலாகாது. அச்சொல் அவளை மகனின் சாவுக்குக் கையொப்பமிடச் சொல்வதாகிவிடும். அவள் மறுத்தால் விசுவாசக் குறைவு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நாட்டின் சட்டமே இவ்வேறுபாட்டைப் பிந்தியாயினும் உணர்ந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போனார் என்பதை மட்டும் உரைக்கும் சான்றிதழுக்கு 2016இல் வழி செய்யப்பட்டது. திருச்சபையின் சட்டமோ இதற்கு முன்பே தாராளமாக இருக்கிறது. உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 901ஆம் விதி. ஆகவே அத்தாய் மகனின் பெயரை மட்டும் சொன்னாற் போதும். இருக்கிறானா, இறந்தானா என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அறிந்தவன் ஒருவன் இருக்கிறான். மன்றாட்டு அவனிடமே செல்கிறது. பங்கிலே உள்ள நாமும் அவளை எந்தப் பக்கமும் தள்ளாதிருத்தல் வேண்டும்.

இவ்வழக்கத்தின்மேற் சொல்லப்படும் ஒரு குற்றச்சாட்டையும் இங்கே நோக்குதல் தகும். இறந்தோர் மன்றாட்டு பணம் படைத்தோர்க்கு நூறு பூசையும் ஏழைக்கு ஒரு பூசையும் வாங்கித்தரும் வாணிபம் என்பர். வழக்கம் சிதையும் இடங்களில் இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. பூசைக் காணிக்கையில் வாணிபத்தின் சாயல்கூட இருத்தலாகாது என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. காணிக்கை இல்லாவிடினும் வறியோரின் கருத்துக்காகப் பூசை செய்யுமாறு குருமாரைத் தூண்டுகிறது. சட்டம் இவ்வாறிருக்க, ஆலயங்களில் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போவதும், நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கங்கள் படத்தாலும் பட்டத்தாலும் நிறைவதும் நாம் அறிந்தவையே. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காணிக்கையை நாம் பழிக்கவில்லை. தூரத்திலிருக்கும் பிள்ளைக்கு அதுவே கைக்கெட்டிய அன்பு. நாம் கேட்பது ஒன்றே: வாசிக்கப்பட்ட பெயர்கள் முடிந்தபின், வாசிக்கப்படாத பெயர்களுக்காக ஒரு கணமேனும் ஆலயம் அமைதி காக்கிறதா? காக்கவில்லையாயின், பணம் அனுப்ப ஒருவரும் இல்லாதவன் உயிரோடிருந்தபோது ஊரிலே பெற்ற இடத்தையே இறந்தபின் கோவிலிலும் பெறுகிறான்.

'இறந்தவனின் கணக்கு முடிந்துவிட்டது. இருப்போருக்கு ஆகவேண்டியதைப் பாருங்கள்' என்போரும் உளர். நியாயமாகத் தோன்றும் பேச்சு. ஆனால் இறந்தோரை எளிதில் மறக்கப் பழகிய ஊர், ஆதரவற்ற முதியவரையும் எளிதில் மறக்கிறது. தன்னை ஒன்றும் கேட்கமுடியாதவனுக்கு, திருப்பி ஒன்றும் தரமுடியாதவனுக்குச் செய்யும் நன்மையே கைம்மாறு கருதாத நன்மை. அதற்குப் பழகிய மனம் உயிரோடிருப்பவனிடத்திலும் கணக்குப் பார்க்காது. தீவகத்தில் பூட்டிக்கிடக்கும் வீடுகள் பெருகி, தனித்திருக்கும் முதியோர் மிகுந்துவரும் இந்நாளில் இப்பழக்கம் நமக்கு இன்றியமையாதது.

இனிச் செய்யத்தக்கவை எவை? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. கார்த்திகை 2ஆம் நாள் தன் கல்லறைக்குத் திரி கொண்டுபோகும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு திரி கூடக் கொண்டுபோகட்டும். தன்னுடையதல்லாத, கேட்பாரற்ற ஒரு கல்லறையில் அதை ஏற்றட்டும். சிறுபிள்ளையின் கையாலே ஏற்றுவித்தால் மிகவும் நன்று. 'இது யாருடையது?' என்று பிள்ளை கேட்கும். தெரிந்தவர் சொல்வர், ஒரு பெயர் மறதியிலிருந்து மீளும். தெரிந்தவர் இல்லையாயின், யாரென்று தெரியாதவனுக்காகவும் செபிக்கலாம் என்பதை அப்பிள்ளை கற்றுக்கொள்ளும். ஞாயிற்றுப் பாடத்தில் இதனைவிடச் சிறந்த பாடம் அமைதல் அரிது.

மற்றொன்று ஆசிரியரையும் மாணவரையும் நோக்கியது. அடக்கம் முடிந்தபின் பங்கின் மரணப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது 1182ஆம் விதி. அடக்கம் நடந்தால்தானே எழுதுவதற்கு! கடல் கொண்டவனும், பிடித்துச் செல்லப்பட்டவனும், எறிகணையிற் சிதறியவனும் அப்பதிவேட்டில் வரியின்றிப் போய்விடுகின்றனர். ஆகவே பங்குதோறும், ஊர்தோறும், ஒரு நினைவேடு தொடங்கப்படட்டும். காணாமற்போனோர்க்கு அதில் தனிப்பகுதி இருக்கட்டும். அவர்கள் பெயருக்கு நேரே சாவு என்ற சொல் எழுதப்படாதிருக்கட்டும். பெயர், ஊர், தந்தை தாயர், தொழில், இறுதியாகக் கண்ட நாள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதும் பணி உயர்வகுப்பு மாணவர்க்கு இயலாததன்று. சமயம் பாராமல் எழுதவேண்டும். சரவணையின் இழப்பு சைவனுக்கென்றும் கத்தோலிக்கனுக்கென்றும் பிரித்து வரவில்லை. அறிந்தவர்களாகிய முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கப் புறப்பட்டால் விடை சொல்ல ஆளிருக்காது.

அந்த ஏடு கார்த்திகை மாதம் முழுவதும் பீடத்தருகே இருக்கட்டும். ஒவ்வொரு பெயரையும் வாசிக்க நேரமில்லாவிடினும் குற்றமில்லை. எழுதாது விட்ட பெயர்களையும் சேர்த்தே பூசையிலே குரு நினைவுகூர்வார். உறவு அற்றுப்போன ஆன்மாவுக்கும் உறவாக நிற்பதற்கே திருச்சபையைத் தாய் என்று அழைத்தார்கள். அத்தாய்க்குப் பிள்ளைகளாக இருப்பவர்கள் தம் வீட்டு இறந்தோரோடு செபத்தை முடித்துக்கொள்வது தகுமா? அடுத்த கார்த்திகை வருமுன் ஒவ்வொரு பங்கும் இதற்கு விடை தேடிக்கொள்ளட்டும்.